யாரும் சாப்பிடாத தட்டு

பியாட்ரிஸ் வீட்டில் காலைப் புட்டுகூடப் பிரெஞ்சுத் தட்டில்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தெரியும். பேரங்காடியில் வாங்கிய கண்ணாடித் தட்டு அவர்கள் வீட்டில் எப்படியோ, அவள் வீட்டில் நூறு வயதைத் தாண்டிய பீங்கான் அப்படி.

ஈப்போவில் அரசாங்கப் பல் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் பியாட்ரிஸ். இன்றும் பாசார் சந்தையில் பார்க்கிறவர்கள் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தட்டுப் பைத்தியம் அவளுக்கு மாதா கோயிலில் தொடங்கியது. கட்டட நிதிக்காகப் பழைய சாமான்களை விற்றார்கள். முன்னொரு காலத்தில் அங்கே பணியாற்றி இறந்துபோன பிரெஞ்சுப் பாதிரியாரின் தட்டு ஒன்று, ஓடாத மின்விசிறிகளுக்கு நடுவே கிடந்தது. வெள்ளைத் தட்டு. ஓரத்தில் இளஞ்சிவப்பு ரோஜாக்கள், தங்க விளிம்பு. திருப்பிப் பார்த்தால் பச்சை எழுத்தில் ‘லிமோஜ், பிரான்ஸ்’. பீங்கானுக்குப் பெயர்போன ஊர். அவளைப் பிடித்து நிறுத்தியது பூவோ தங்கமோ அல்ல. தட்டின் நடுவில் மெல்லிய கோடுகள் இருந்தன. யாரோ கத்தியால் அறுத்து அறுத்துச் சாப்பிட்ட தடம். தேய்ந்த பல்லைப் பார்த்தே ஆளின் வாழ்க்கையைப் பாதி சொல்லிவிடக்கூடியவளுக்கு அந்தக் கோடுகள் மிகவும் பிடித்துப்போயின.

அதன்பிறகு எங்கே போனாலும் தட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பழைய பட்டணத்துச் சந்தை, பினாங்கில் சந்துக் கடைகள், கைப்பேசியில் பழம்பொருள் விற்கிற குழுக்கள். ஒன்றோடு ஒன்று சேராத தட்டுகள்: ஒன்றில் ஊதாப்பூ, ஒன்றில் வெறும் தங்கக் கோடு, சூப்புக் கிண்ணத்துக்கு மூடி இல்லை. வாங்கியதை அலமாரியில் பூட்டி வைக்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. “சாப்பிடாத தட்டு எதுக்கு? கடையிலேயே இருந்துட்டுப் போவட்டும்” என்பாள். மீன் குழம்பு, நாசி லெமாக், மீகூன் எல்லாம் அதில்தான்.

அவற்றைக் கழுவுவது கணவர் சவரிநாதனின் பொறுப்பு. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். தொட்டியில் பழைய துண்டை விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவுவார். கழுவிக் கழுவி அவருக்கும் தட்டுகளைப்பற்றி நிறையத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வாயில் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டின் கதையை அவர்தான் சொல்வார்.

இப்படியிருக்கையில், தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் மகள் விவியன் ஒருநாள் போன் செய்தாள்.

“மா, வர்ற சனிக்கிழம சுரேன் அவங்கம்மாவ நம்ம வீட்டுக்கு அழைச்சிட்டு வாரேன்னு சொல்றாரு.”

சுரேன் அங்கே கார் தொழிற்சாலையில் பொறியாளன். இருவரும் பழகுவது பியாட்ரிசுக்குத் தெரியும். அவன் அம்மா மங்களத்தை மட்டும் பார்த்ததில்லை. கணவர் இல்லை, கமுந்திங்கில் தொழிற்பேட்டைக்குள் சொந்தமாகச் சாப்பாட்டுக் கேண்டீன் நடத்துகிறாள் என்பதுவரை தெரியும்.

“புரட்டாசி சனி மா. ஆன்ட்டி சுத்த சைவம். ரொம்ப விரதமா இருப்பாங்க.”

“நான் பாத்துக்கிறேன் லா” என்றாள் பியாட்ரிஸ்.

உண்மையிலேயே பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். கறி பட்ட சட்டி ஆகாது என்று புதிய பாத்திரங்கள் வாங்கினாள். கரண்டி புதிது, அரிவாள்மனை புதிது. இரண்டு நாள் வீட்டில் முட்டைகூட இல்லை. சாம்பார், ரசம், கீரைக் கூட்டு, வாழைக்காய் வறுவல், பருப்பு வடை, சேமியா பாயசம். பரிமாற இருப்பதிலேயே நல்ல தட்டுகளை எடுத்து வைத்தாள். மங்களத்தின் இடத்தில் பாதிரியாரின் ரோஜாத் தட்டு. மகளைப் பெண் கேட்டு வருகிறவளுக்கு அதைவிட மேலான மரியாதை பியாட்ரிசின் வீட்டில் கிடையாது.

சனிக்கிழமை சுரேனோடு மங்களம் வந்தாள். விவியன் முதல் நாளே வீட்டுக்கு வந்திருந்தாள். உயரமில்லாத, கைகள் உறுதியான பெண். நெற்றியில் திருநாமக் கோடு. தேங்காய், பழம், பூ எல்லாம் ஒரு கூடையில் கொண்டு வந்திருந்தாள். பேச்சு சீக்கிரமே சூடுபிடித்தது. கமுந்திங் மழை, பெட்ரோல் விலை, நெடுஞ்சாலை நெரிசல். சவரிநாதனை அவள் “அண்ணே” என்று கூப்பிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மேசையில் உட்கார்ந்ததும் மங்களம் தட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

“எம்மாம் அழகா இருக்கு! இதுல சாப்பிடவே மனசு வராதே.”

“நூறு வருசத்துக்கு மேல இருக்கும் ஆன்ட்டி” என்றாள் விவியன். “பிரான்ஸ்லேர்ந்து வந்தது.”

அது போதும் சவரிநாதனுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மங்களத்தின் தட்டைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

“இந்தக் கோடு தெரியுதா? பாருங்க, நல்லாப் பாருங்க. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் மாட்டுக்கறிய வச்சு கத்தியால அறுத்த தடம். இத்தன வருசம் கழுவியும் போகல பாருங்க!”

பெருமையோடு தட்டை அவள் முன் திரும்ப வைத்தார்.

கரண்டியில் சோற்றோடு நின்ற பியாட்ரிசுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மேசைக்கடியில் விவியன் அப்பாவின் காலை மிதித்தாள். மிதிபட்டது சுரேனின் கால். மங்களம் முகத்தைச் சுளிக்கவில்லை. மேசைமேல் இருந்த கைகளை மட்டும் மெல்ல மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

“நான் வரும்போதே பசியாறிட்டு வந்துட்டேங்க. வயித்துல எடமே இல்ல. நீங்கல்லாம் சாப்பிடுங்க.”

“பின்னால வாழ மரம் இருக்கு. எல வெட்டிட்டு வாரேன், ஒரு நிமிசம்” என்றாள் பியாட்ரிஸ்.

“ஐயோ வேணாங்க மிஸ்ஸி. சத்தியமா பசியில்ல. சிரமப்படாதீங்க.”

அதற்குமேல் வற்புறுத்தினால் அவளை இன்னும் சங்கடப்படுத்துவதாகும். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அம்மாவுக்கும் சேர்த்து சுரேன் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான். மங்களத்துக்கென்று ஊற்றிய பாயசம் கிண்ணத்தில் ஆடை படிந்து கிடந்தது. தண்ணீர்கூடத் தன் பையிலிருந்த போத்தலிலிருந்துதான் குடித்தாள். போகும்போது பியாட்ரிசின் கையைப் பிடித்து, “தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். அப்படிச் சொன்னதே பியாட்ரிசுக்கு அதிகமாக வலித்தது.

கார் போனதும் விவியன் அழுதாள். “வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா டேடி உங்களால?”

“நான் என்ன பொய்யா சொன்னேன்?” என்றார் சவரிநாதன். குரல் சுரத்தில்லாமல் வந்தது.

பியாட்ரிஸ் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை. மறுநாள் காலை அவள் தன் புட்டை ஒரு பிளாஸ்டிக் மூடியில் வைத்துச் சாப்பிட்டாள். அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு போய், பேரங்காடியிலிருந்து ஒரு பெட்டித் தட்டு வாங்கி வந்தார். பளபளவென்று புதிய தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சூரியகாந்தி.

“யாரும் தொடாத தட்டு பியா. அடுத்தவாட்டி வந்தாங்கன்னா இதுல போட்டுக் குடுத்துடலாம்.”

சூரியகாந்தியைப் பார்த்ததும் பியாட்ரிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. பிறகு சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தட்டு இல்லங்க விசயம். எவ்வளவு யோசிச்சேன்! சட்டி யோசிச்சேன், கரண்டி யோசிச்சேன். இத யோசிக்கல. என் வீட்டுலேர்ந்து ஒருத்தி பட்டினியா எந்திரிச்சுப் போயிட்டா.”

புதன்கிழமை அவள் கமுந்திங்குக்குப் புறப்பட்டாள். சவரிநாதன்தான் காரோட்டினார். தொழிற்பேட்டைக்குள் வந்ததும், “நான் கார்லயே இருக்கேன். நீ போய்ப் பேசிட்டு வா” என்று சொல்லி ஜன்னலை ஏற்றிவிட்டார்.

மதிய இடைவேளை. கேண்டீனில் நிற்க இடமில்லை. தொழிற்சாலைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மங்களம் பானைக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். பியாட்ரிசைப் பார்த்ததும் கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“மிஸ்ஸி! என்ன இவ்வளவு தூரம்? ஒக்காருங்க, ஒக்காருங்க. ஒத்தாசைக்கு இருக்கிற ராக்காயிக்கு இன்னக்கின்னு பாத்து காய்ச்ச.”

பியாட்ரிஸ் உட்காரவில்லை. கைப்பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, தொட்டியில் குவிந்திருந்த தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். மங்களம் தடுத்துப் பார்த்தாள். வரிசை நீண்டதால் விட்டுவிட்டாள். எல்லாம் பச்சை நிற மெலமைன் தட்டுகள். இடைவேளை முடிந்து கூட்டம் கலைந்ததும் இருவரும் வியர்வையோடு ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள்.

“இது புரட்டாசித் தட்டு” என்றாள் மங்களம், பச்சைத் தட்டுகளைக் காட்டி. “மத்த மாசத்துக்கு ஆரஞ்சுத் தட்டு. அத மேல கட்டி வச்சிருவேன். இந்த மாசம் என் கேண்டீன்ல கறியே கெடையாது. மலாய்ப் பசங்ககூட, ‘அக்கா, மீன் எப்ப வரும்’னு கேட்டுக்கிட்டேதான் சாப்பிடுவானுங்க.”

“நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் அக்கா.”

“நீங்க எதுக்கு? நான்தான் மனசு கெடந்து அடிச்சிக்கிறேன். சமைச்சு வச்சவங்க முன்னால கைய மடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேனே!” மங்களம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “சுரேன் சொல்லிருக்கானா, என்னன்னு தெரியல. முந்தி மோட்டார் சைக்கிள்ல சுங்காய்கிட்ட அடிபட்டு விழுந்தான். கண்ணே தொறக்கல. பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவன் எந்திரிச்சிட்டா, உசுரு இருக்கிற வரைக்கும் புரட்டாசில கறி பட்ட ஏனத்தக்கூடத் தொடமாட்டேன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டேன். எந்திரிச்சிட்டான். இப்ப நான் எப்படி வார்த்த மாறுவேன்? ஒங்க மேல ஒரு இதுவும் இல்ல.”

பியாட்ரிஸ் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். அன்று மேசையில் உட்கார்ந்து மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்ட பையன் அவள் கண்முன் வந்தான்.

“அன்னக்கி பசியில்லன்னு சொன்னீங்களே.”

“கொலப் பசி!” என்று மங்களம் வாய்விட்டுச் சிரித்தாள். “ஒங்க சாம்பாரு வாசம் ஆளத் தூக்குது. தைப்பிங் வர்ற வரைக்கும் வயிறு கத்திக்கிட்டே வந்துச்சு. அந்த வடைய நெனச்சா இன்னக்கும் அழுகையா வருது.”

அன்று மங்களம் அவளுக்குப் பச்சைத் தட்டில் சோறு போட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பாரும் பயற்றங்காய்ப் பொரியலும். பியாட்ரிஸ் வழித்துச் சாப்பிட்டாள். சவரிநாதனைக் காரிலிருந்து மங்களமே போய் இழுத்து வந்தாள். “அண்ணே, வெயில்ல வெந்து போயிருவீங்க, வாங்க.” அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அது அவர் வாழ்நாளில் அபூர்வம்.

புறப்படும்போது மங்களம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “பீங்கான் தட்டுல மாட்டெலும்ப அரைச்சுக் கலப்பாங்கன்னு சுரேன் கைப்பேசில படிச்சிக் காட்டினான். நெசமா?”

“அது இங்கிலீஷ்காரன் செய்யிறது. எலும்புச் சாம்பல் போடுவான். பிரெஞ்சுக்காரன் தட்டு வெறும் வெள்ளக் களிமண்ணு, கல்லுப்பொடி. எலும்பு கெடையாது.”

“அப்ப தட்டு மேல குத்தமில்ல. தின்னவங்க மேலதான்” என்றாள் மங்களம்.

அந்த வார்த்தை வீடு வரும்வரை பியாட்ரிசின் காதில் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அவள் சந்தைக்குப் போனாள். இத்தனை ஆண்டும் யாரோ சாப்பிட்ட தட்டையே தேடித் தேடி வாங்கியவள், இப்போது யாருமே சாப்பிடாத ஒன்றைத் தேடினாள். அது லேசில் கிடைக்கிற பொருளல்ல. நூறு வருஷம் ஒரு தட்டு சும்மா இருப்பதென்றால், அதை யாரோ மறந்திருக்க வேண்டும். கடை கடையாகத் தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கோடு. சிலவற்றில் தங்கம் தேய்ந்து பழுப்பாகியிருந்தது. வழக்கமாக அவளுக்குப் பழைய பொருள் தரும் வியாபாரி பத்துமலை, லாரியின் பின்கதவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன மிஸ்ஸி, இன்னக்கி எல்லாத்தையும் வேணாம் வேணாங்கிறீங்க?”

“யாரும் சாப்பிடாதது வேணும் அண்ணே.”

பத்துமலை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தேநீரைக் கீழே வைத்துவிட்டு லாரிக்குள் ஏறினார். “சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். முந்தி பிரெஞ்சுக்காரத் தொரைங்க இருந்தது. இப்ப எல்லாம் செம்பன மரம். பங்களாவ ஒடச்சி வீட்டுத் தாமான் கட்டப் போறாங்க, சாமான அள்ளிக்கிட்டுப் போன்னாங்க. சாமான் அறையில ஒரு மரப்பெட்டி, ஆணி அடிச்சபடியே இருந்திச்சு.”

பெட்டிக்குள் வைக்கோல் மக்கிப் பொடியாகியிருந்தது. மேலே இருந்த தட்டுகள் உடைந்து கிடந்தன. பாரம் ஏதோ விழுந்திருக்க வேண்டும். அடியில் முழுசாகச் சில இருந்தன. பியாட்ரிஸ் ஒன்றை எடுத்து ஈரத் துணியால் துடைத்தாள். விளிம்பில் சின்னச் சின்ன நீலப் பூக்கள், அதையடுத்து மெல்லிய தங்கக் கோடு, தலைமுடி அளவுக்குக்கூடத் தேயாமல். வெளிச்சத்தில் சாய்த்தாள். ஒரு கீறல் இல்லை. திருப்பி, மேசைமேல் உரசுகிற அடி வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சூளையிலிருந்து வந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது. எந்த மேசையிலும் அது உட்கார்ந்ததில்லை.

அவளுக்கென்று வாங்குவதாயிருந்தால் அதை எடுத்திருக்க மாட்டாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதில் அவளோடு பேச யாருமில்லை. ஒரு தட்டும் ஒரு சின்னக் கிண்ணமும் எடுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை சவரிநாதன் வேகத்தடைகளில் கார் உருள்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி ஓட்டினார்.

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை மங்களம் அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். விவியனும் சுரேனும் முன்பே வந்திருந்தார்கள். வாசலிலேயே பியாட்ரிஸ் துண்டைப் பிரித்தாள்.

“இதுல யாரும் சாப்பிட்டதில்ல அக்கா.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

பியாட்ரிஸ் ரோஜாத் தட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். ஒன்றில் கோடுகள் சிலந்தி வலை மாதிரி மின்னின. மற்றதில் வானம்தான் தெரிந்தது. தொரை பங்களாவையும் ஆணி அடித்த பெட்டியையும் சொன்னாள். சவரிநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்து, அவள் தலையசைத்த பிறகே, “வைக்கோலுகூடப் பிரிக்கல” என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

மங்களம் புதுத் தட்டின்மேல் விரல்களை ஓட்டினாள். “பொறந்த புள்ளைக்குப் பாதம் இருக்குமே, அப்படி இருக்கு.” பிறகு உள்ளே கொண்டு போனாள். மஞ்சள் தண்ணீரில் கழுவி, துடைத்து, சாமி அறையில் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தாள். அதில் சர்க்கரைப் பொங்கலும் கிண்ணத்தில் சுண்டலும் பக்கத்தில் இலையில் வடையும் எடுத்து வைத்து, மேலே துளசி போட்டாள். “என்னக்கோ தொரை வீட்டுக்கு வந்த தட்டு. கடைசியில பெருமாளு முந்திக்கிட்டாரு பாருங்க” என்று சொல்லிக்கொண்டே கற்பூரம் ஏற்றினாள். சுரேன் மணியடித்தான். “கோவிந்தா” என்ற குரல் வெளிக்கூடம்வரை வந்தது.

வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பியாட்ரிசுக்கு அப்போதுதான் உறைத்தது. படைத்ததை மங்களம் எடுத்து வந்து முதலில் தனக்குத்தான் கொடுப்பாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் படையலைக் கைநீட்டி வாங்கியதற்காக அவள் அம்மா அவளை ஞாயிறு பூசைக்கு முன்னால் கோயிலில் மண்டியிட வைத்திருக்கிறாள். அது தப்பா சரியா என்று பியாட்ரிஸ் பிறகு யோசித்ததுகூட இல்லை. ஆனால் கை மட்டும் இன்றுவரை நீண்டதில்லை. இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ‘பசியாறிட்டு வந்துட்டேன்’ என்ற வார்த்தை நாக்குவரை வந்து நின்றது. அது யாருடைய வார்த்தை என்று நினைத்ததும் அவளுக்குக் காது சுட்டது.

மங்களம் வெளியே வந்தாள். கையில் படையல் தட்டு இல்லை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது.

“இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது மிஸ்ஸி. ஒங்களுக்கும் அண்ணனுக்கும். சாமிகிட்ட காட்டல.”

பியாட்ரிஸ் அவளையே பார்த்தாள்.

“பக்கத்து வீட்டு கலாதேவி ஜெபக்கூட்டத்துக்குப் போறவ. தீவாளிக்கு அவளுக்குத் தனியாத்தான் எடுத்து வைப்பேன். நீங்க எப்படின்னு தெரியல. கேட்டா சங்கடப்படுவீங்க. அதான் ரெண்டும் வச்சிட்டேன். ஒங்க இஷ்டம்.”

பியாட்ரிஸ் எழுந்தாள். தூக்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மங்களத்தின் தோளில் முகத்தைப் புதைத்தாள். மங்களம் என்ன ஏதென்று கேட்காமல் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையிலிருந்து சவரிநாதனின் குரல் வந்தது.

“பியா! இந்த வட நல்லா இருக்கு பியா. சுரேன் குடுத்தான். நாலாவது.”

“டேடி, அது படைச்சது!” என்றாள் விவியன்.

“ஆமா, அதான் இவ்வளவு ருசி!”

கண்ணீரோடு இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் தூக்கின் மூடி கழன்று விழுந்தது.

எல்லாருக்கும் போட்ட பிறகு மங்களம் கடைசியாக உட்கார்ந்தாள். படையல் தட்டை எடுத்து, பொங்கலை ஓரமாக ஒதுக்கி, புளிச்சோறும் அப்பளமும் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வேகமாக, நிறைவாக, விரல்களை நக்கிச் சாப்பிட்டாள். பியாட்ரிஸ் தன் சாப்பாட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பூக்களுக்குப் பக்கத்தில் புளிக்காய்ச்சல் எண்ணெய் ஒட்டிக்கொண்டு மின்னியது. சந்தையில் வெறுமையாகத் தெரிந்த தட்டு இப்போது அவளுக்குப் பிடித்திருந்தது.

புரட்டாசி முடிந்த மறு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் மங்களம் ஈப்போவில் வந்து இறங்கினாள். சுரேன் பின்னால் இரண்டு பெரிய அடுக்குப் பாத்திரங்களைத் தூக்கி வந்தான். ஆட்டுக்கறிப் பெரட்டல், நண்டு, கோழி ரசம். காலையில் தைப்பிங் பாசாரில் தமிழர் கூட்டம் எப்படி முட்டி மோதியது, கறிக்கடைக்காரனிடம் தான் எப்படித் தொடைக்கறியைச் சண்டை போட்டு வாங்கினாள் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். விவியன் மேசையில் சூரியகாந்தித் தட்டுகளைப் பரப்பினாள். மங்களம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இது என்னா? எனக்கு அந்தக் கோடு போட்ட தட்டக் குடு. வெள்ளக்காரன் அறுத்துத் தின்னான், நான் பிச்சித் தின்னு பாக்குறேன்.”

அன்று சாப்பாடு முடிய மாலையாகிவிட்டது. சவரிநாதன் கழுவ, மங்களம் பக்கத்தில் நின்று துடைத்தாள். தட்டின் கதைகளை ஒன்றுவிடாமல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்ததில்லை. அந்த மேசையிலேயே கல்யாணமும் பேசி முடிந்தது. காலையில் மாதா கோயில், மாலையில் கமுந்திங்கில் தாலி. எதை முதலில் வைப்பது என்று கொஞ்சம் இழுபறி நடந்தது. முகூர்த்த நேரம் மாலையில்தான் அமைந்திருப்பதாக மங்களமே சொல்லி முடித்து வைத்தாள். மிஸ்ஸியும் அக்காவும் அன்றோடு போய், இருவரும் சம்பந்தி ஆனார்கள்.

கல்யாண வேலைகள் தொடங்கியிருந்த ஒரு நாள், பியாட்ரிஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மங்களம். பின்னணியில் மோட்டார் சைக்கிள் இரைச்சல்.

“சம்பந்தி, நான் தைப்பிங்ல ஒரு பழைய சாமான் கடையில நிக்கிறேன். பத்திரிகை அடிக்கத்தான் வந்தேன். இங்க ஒரு தட்டு இருக்கு. மஞ்ச ரோஜா. பின்னால எல், ஐ, எம், ஓன்னு போட்டிருக்கு. நல்லதான்னு எப்படிப் பாக்குறது?”

“விரல் நுனியில நிறுத்தி வச்சி, நகத்தால ஓரத்துல சுண்டுங்க. கேக்குற மாதிரி சுண்டுங்க.”

பியாட்ரிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு போனில் ஒரு ஒலி கேட்டது. மர மேசையைத் தட்டியதுபோல.

“டொக்குன்னு கேக்குது சம்பந்தி.”

“அப்ப விரிசல் விட்டிருக்கு. மணி மாதிரி கேக்கணும். வச்சிட்டு வாங்க.”

“கண்ணுக்கு ஒன்னும் தெரியலயே.”

“தெரியாது. மஞ்சக் குழம்ப ஊத்தினா நாலு நாள்ல தெரியும். வச்சிட்டு வாங்க சம்பந்தி.”

மங்களம் கடைக்காரரிடம் சீனத்திலும் மலாயிலுமாக ஏதோ பேசுவது கேட்டது. தாள் கசங்கும் சத்தம் கேட்டது. பியாட்ரிஸ் ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

“என்ன, வச்சிட்டீங்களா?”

“சுத்திக் குடுக்கச் சொல்லிட்டேன்” என்றாள் மங்களம். “பாவமா இருந்துச்சு.”